கைமாற்று

எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னாள் அந்தப் பெண்.
கடிகாரம், கம்பளித் தொப்பி, இருமல் மிட்டாய்.
சட்டைக் கையை மடித்துக் காட்டினேன்.
என் மூக்குக் கண்ணாடியை வாங்கி
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
நேர்மைக்கான பரீட்சை
இப்படித்தான் தொடங்குகிறது
டுலூத்தில், நவம்பரில்,
ஒரு பல் வைத்தியரின் மாடியில்.

அறுபது கேள்வி, இரண்டு மணி நேரம்.
மின்னசோட்டாவில் தேற எண்பத்தைந்து வேண்டும்.
பாலத்தைத் தாண்டினால் விஸ்கான்சின்,
அங்கே இந்தப் பரீட்சையே கேட்பதில்லை.
பாலத்தின் நடுவில் நிற்கும் வக்கீல்
எவ்வளவு யோக்கியனாக இருக்க வேண்டும்?
எங்கள் வகுப்பின் பழைய ஜோக்.
இரவெல்லாம் தாதுக் கப்பல்களுக்கு எடைக்கணக்கு எழுதிவிட்டு
காலையில் படித்தவள் நான்;
சிரிக்கும் நேரத்தில் தூங்கியிருக்கிறேன்.

முப்பத்தொன்றாவது கேள்வி.
ஒரு வழக்கறிஞர்
(அவர்களுக்குப் பெயர் இருப்பதில்லை,
பிள்ளைகள் இருப்பதில்லை, குளிரடிப்பதில்லை)
கட்சிக்காரர் பணத்தில் கொஞ்சம் எடுத்து
அலுவலக வாடகை கட்டினார்.
எட்டாம் நாள் திரும்ப வைத்தார்.
யாருக்கும் காசு நஷ்டமில்லை,
யாருக்கும் தெரியவுமில்லை.
அவர் தண்டனைக்கு உரியவரா?

அ. இல்லை, முழுவதும் திரும்பிவிட்டதால்.
ஆ. இல்லை, எவருக்கும் தீங்கு நேராததால்.
இ. ஆம், வட்டி கொடுக்காததால்.
ஈ. ஆம், அது அவர் பணம் இல்லாததால்.

ஈ.
நான்கு நொடிகூட ஆகவில்லை.
அடுத்த கேள்விக்குப் போயிருக்க வேண்டும்.

அவருக்கு எட்டு நாள்.
எனக்குப் பதினொன்று.

மூன்று குளிர்காலத்துக்கு முன்
பேட்டைச் சிறுவர் ஹாக்கிக் குழுவுக்கு
நான் பொருளாளர்.
நிதி ஒரு காபி டப்பாவில் இருந்தது:
வாஃபிள் விற்றது, குலுக்கல் சீட்டு விற்றது,
யாரோ ஒரு அப்பா கையுறைக்குள்ளிருந்து எடுத்துத் தந்த
ஈர இருபது டாலர்.
ஜனவரி, மைனஸ் முப்பது.
ரொக்கம் தந்தால்தான் குழாயை அவிழ்ப்பேன் என்று
வாசலில் நின்றான் எண்ணெய் லாரிக்காரன்.
நூற்று நாற்பது.
சம்பளம் வந்த அன்றே வைத்துவிட்டேன்,
எடுத்ததைவிடப் புது நோட்டுகளாக.

கைமாற்று என்று சொல்லிக்கொண்டேன்.
கைமாற்றென்றால்
கொடுக்கிற கை ஒன்று வேண்டும்.
அங்கே இருந்த இரண்டும் என் கை.

தேனெடுத்தவர் புறங்கை நக்கத்தான் செய்வார் என்று
ஒரு சமாதானம் உண்டே,
நான் நக்கவில்லை.
பிசுபிசுத்த கையை
மூன்று வருடம் கோட்டுப் பையில் வைத்திருந்தேன்.

நூற்றுப் பன்னிரண்டு வாங்கினேன்.
பிறகு வந்தது நடத்தைப் படிவம்:
பிறர் பணம் உங்கள் பொறுப்பில் இருந்தபோது எப்போதாவது...

வெர்ன் ஓல்செவ்ஸ்கி
பனித்தளத்தை எந்திரத்தால் வழித்துக்கொண்டிருந்தான்.
சொன்னேன்.
எந்திரத்தை நிறுத்தினான்.
"இவ்வளவுதானா ஐலா? நானாக இருந்தால்
டப்பாவோடு கொண்டுபோயிருப்பேன்."
குழுவின் குறிப்பேட்டில் எழுது என்றேன்.
உறைந்த பேனாவை ஊதி ஊதி
பாதி வரி எழுதியவன்
தலையை நிமிர்த்தினான்.

"ஜனவரியா?
லெவிக்குத் தலைக்கவசம் வாங்கக் காசு கேட்டு வந்தேனே,
டப்பாச் சாவி தொலைந்துவிட்டது என்றாயே."

டப்பாவுக்கு ஏது சாவி.

"இரண்டு ஆட்டம் பெஞ்சில் உட்கார்ந்தான் பையன்.
அப்புறம் வரவேயில்லை.
அதனாலாக இருக்காது,
அவன் அம்மா வீடு மாற்றினாள் என்று நினைக்கிறேன்."
கோபத்தில் சொல்லவில்லை வெர்ன்.
தேதியைச் சரிபார்த்துக்கொண்டு
மிச்ச வரியை எழுதினான்.
என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை,
நான் திருத்தவில்லை.

எவருக்கும் தீங்கு நேராததால்.
ஆ.

படிவத்தில் ஆறு வரிக்கு இடம் இருந்தது.
போதாவிட்டால் தனித்தாள் இணைக்கலாம் என்று
கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள்.
தாளை எடுத்தேன்.
எண்ணெய் லாரியில் தொடங்கி
அடித்துவிட்டு
லெவி என்று எழுதினேன்.
அவன் முழுப்பெயர் எனக்குத் தெரியவில்லை.